மனசுக்குள் ஓர் உருவத்தைத் திருப்புவது: எப்படிக் கற்றுக்கொடுப்பது, சரியாகத் திருப்பினோமா என்று எப்படிச் சோதிப்பது?

சிலேட்டுப்பலகை

வணக்கம். அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகளை என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்செய்து வருகிறேன். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது படிப்பு நிற்குமா தொடருமா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. மனத்திறன் பகுதிக்கு 90 கேள்விகள், 90 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம்தான்.

ஒரு மாணவி இருக்கிறாள். சமன்பாடு, விகிதம், எண் தொடர் எல்லாவற்றிலும் வகுப்பில் முதல் ஆள். உருவம் வரும் கேள்விகளில் மட்டும் தடுமாறுகிறாள். கண்ணாடிப் பிம்பம், பகடை, திருப்பிய உருவம் எது என்று வந்தால் நான்கு விடைகளில் எப்போதும் கண்ணாடி வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறாள். போன வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, "மனசுக்குள்ள மெதுவா திருப்பிப் பாரு" என்றேன். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "திருப்ப ஆரம்பிச்சதும் கலைஞ்சு போயிடுது டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "திருப்பிப் பார்" என்பதைத் தவிர இத்தனை வருடமாக நான் வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? கற்றுக்கொடுக்கவே முடியுமா?

மாலைநேரம்

முடியும் டீச்சர். உளவியல் முதுகலை படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இதை முதலில் அளந்து பார்த்தவர் ரோஜர் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1968 நவம்பரில் ஒரு விடியற்காலை, அரைத்தூக்கத்தில் முப்பரிமாண உருவங்கள் சுழல்வது போல் தோன்றியதிலிருந்து அவருக்கு அந்த யோசனை பிறந்தது. 1971-இல் ஜாக்குலின் மெட்ஸ்லருடன் சேர்ந்து சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார். பத்துச் சிறு கனசதுரங்களை ஒட்டியது போன்ற, மூன்று இடங்களில் செங்கோணமாக வளைந்த உருவம். அதில் இரண்டு படங்களைக் காட்டி, ஒரே உருவமா, கண்ணாடிப் பிரதியா என்று கேட்டார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 1,600 ஜோடிப் படங்கள்.

கோணம் கூடக் கூட நேரமும் நேர்கோடாகக் கூடியது. திருப்பமே இல்லாவிட்டால் ஒரு வினாடி, 180 பாகை என்றால் நான்கு வினாடிக்கு மேல். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 60 பாகை. மனசுக்கும் ஒரு சுற்றும் வேகம் இருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. தாளோடு சேர்ந்து சுழலும் திருப்பமும், நம்மைவிட்டு உள்நோக்கிப் போகும் திருப்பமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்தன என்பது அதைவிட ஆச்சரியம். தட்டையான படத்தைச் சுழற்றியிருந்தால் அப்படி வந்திருக்காது. அவர்கள் மனசுக்குள் பொருளையே சுழற்றியிருக்கிறார்கள்.

கற்றுக்கொடுக்கலாமா என்பதற்கு வருகிறேன். 2013-இல் டேவிட் உட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். இடஞ்சார்ந்த திறன் பயிற்சியால் கூடுகிறது, பயிற்சி முடிந்த பிறகும் நிற்கிறது என்பது முடிவு. அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1990-களிலிருந்து இதற்காகவே முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு வகுப்பு நடத்தினார். அவரே மாணவியாக இருந்தபோது பொறியியல் வரைபடத்தில் திணறியவர்.

அந்தப் பிள்ளையிடம் "உனக்கு இது வராது" என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது வராது" என்று. சராசரியில் ஆண்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்கும் தேர்வு இது, உண்மைதான். ஆனால் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அந்த இடைவெளி சுருங்குகிறது. ஒரு பிள்ளையைப் பற்றி அந்தச் சராசரி ஒன்றும் சொல்லாது.

மைக்ரோமீட்டர்

டீச்சர், நான் கோயம்புத்தூரில் 22 வருடம் லேத் ஓட்டியவன். இப்போது ஐடிஐ பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் தொழிலில் இதுதான் முதல் சுவர். பேப்பரில் மூன்று பார்வை போட்டிருக்கும்: முன், மேல், பக்கம். அதைப் பார்த்து உருப்படி கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பிராக்கெட், 40 உருப்படி. டிராயிங்கைப் படித்தேன், அளவெல்லாம் மைக்ரோமீட்டரில் அச்சாக இருந்தது. ஆனால் காடி வர வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டிவிட்டேன். நாற்பதையும் எப்படிப் புரட்டினாலும் பொருந்தவில்லை. இடது செருப்பு நாற்பது செய்து வைத்த மாதிரி. எல்லாம் கழிவுக்குப் போயிற்று.

மேஸ்திரி திட்டவில்லை. ஒரு குளியல் சோப்பையும் பாதி பிளேடையும் கொடுத்து, "முதல்ல இதுல வெட்டு, அப்புறம் இரும்புல வெட்டு" என்றார். ஆறு மாதம் சோப்பு வெட்டினேன். அதற்கப்புறம் டிராயிங்கைப் பார்த்தாலே விரல் நுனியில் அந்த ஓரம் தட்டுப்பட ஆரம்பித்தது. இது மிகைச் சொல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் முன்னே கைக்குத்தான் தெரியும்.

கண்ணை மூடித் திருப்பச் சொல்லாதீர்கள் டீச்சர். கையில் கொடுங்கள். ஆசாரி கடையில் ரீப்பர் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். ஓர் அங்குலக் கட்டைகளாக அறுத்து ஒட்டி, மாலைநேரம் அம்மா சொன்ன அந்தப் பத்துக் கட்டை உருவத்தைச் செய்யுங்கள். ஒன்று வலது, ஒன்று இடது.

சிலேட்டுப்பலகை

இருவருக்கும் நன்றி. "இடது செருப்பு நாற்பது" என்பதைப் படித்ததும் அவள் செய்யும் தவறு என்னவென்று பிடிபட்டது. அவளுக்குச் சிக்கல் திருப்புவதில் மட்டும் இல்லை. திருப்பியதையும் கவிழ்த்ததையும் அவள் பிரித்துப் பார்ப்பதில்லை.

இன்று வகுப்பில் தமிழ் எழுத்துகளை வைத்தே பார்த்தோம். கரும்பலகையில் ப எழுதி, இதன் கண்ணாடிப் பிம்பம் என்ன என்று கேட்டேன். அதேதான். அப்படியானால் ப-வை வைத்துச் சோதனை செய்யவே முடியாது. அடுத்து ட. நிற்கும் கோடும் கிடக்கும் கோடும் ஒரே நீளம் என்றால், கண்ணாடியில் தெரிவதைக் கால் சுற்றுத் திருப்பினால் பழைய ட-வே வந்துவிடுகிறது. கிடக்கும் கோட்டை இரண்டு பங்கு நீட்டிப் போட்டதும் அது நடக்கவில்லை. எவ்வளவு சுற்றினாலும் வரவில்லை. அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பையன், "டீச்சர், இதைத் தரையிலிருந்து தூக்கிக் கவுத்தாத்தான் ஆகும்" என்றான். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிவதுதான் கண்ணாடிப் பிம்பம் என்பதையும் காட்டினேன். தாளைச் சுற்றுவது ஒன்று, தாளைப் புரட்டுவது வேறொன்று. இரண்டையும் கையால் செய்து பார்த்தார்கள்.

ஆலமரம்

இந்த இழையைப் படித்துவிட்டு ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு மனசுக்குள் படமே வராது. அம்மா முகத்தை நினைத்தால்கூட ஒன்றும் தெரியாது, அம்மா என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் வங்கித் தேர்வில் இந்த மாதிரிக் கேள்விகளைச் சரியாகவே போட்டேன். எப்படி?

மாலைநேரம்

ஆலமரம், அதற்கு 2015-இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார். அப்படிப்பட்டவர்கள் பலர் இந்தத் தேர்வுகளில் சரியான விடை தருகிறார்கள். திருப்புவதற்குப் படம் கட்டாயம் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1976-இல் மார்மர், ஜபாக் இருவரும் பிறவியிலேயே பார்வையில்லாதவர்களிடம் உருவங்களைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களுக்கும் கோணம் கூடக் கூட நேரம் கூடியது. ஒரு படத்தைக்கூடப் பார்த்திராதவர்களும் சுழற்றுகிறார்கள். மைக்ரோமீட்டர் ஐயா "கைக்குத்தான் தெரியும்" என்றது சரிதான்.

1998-இல் வெக்ஸ்லர், கோஸ்லின், பெர்தோஸ் மூவரும் செய்த சோதனை இன்னும் நேராக இதைத் தொடுகிறது. மனசுக்குள் உருவத்தை ஒரு திசையில் சுழற்றும்போது, கை ஒரு பிடியை அதே திசையில் சுழற்றினால் வேலை வேகமாகவும் பிழையில்லாமலும் நடக்கிறது. எதிர்த்திசையில் சுழற்றினால் தடுமாறுகிறது. ஆகவே டீச்சர், தேர்வு அறையில் அவள் காற்றில் கையைத் திருப்பிப் பார்த்தால் தடுக்காதீர்கள். கையும் சேர்ந்துதான் யோசிக்கிறது.

இயன்முறை

இயன்முறை மருத்துவராக ஒரு சாட்சி. எங்களிடம் ஒரு சோதனை உண்டு: பல கோணங்களில் எடுத்த கைகளின் படங்களைக் காட்டி, இது இடதா வலதா என்று கேட்போம். 1987-இல் லாரன்ஸ் பார்சன்ஸ் காட்டியது என்னவென்றால், அந்தப் படத்தின் நிலைக்கு உங்கள் சொந்தக் கையைக் கொண்டுபோவது எவ்வளவு சிரமமோ, விடை சொல்லவும் அவ்வளவு நேரமாகும். இப்போதே செய்து பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக நீட்டிய வலது கையை நினையுங்கள். தோள்பட்டையில் லேசாக ஓர் இழுப்பு வரும்.

நாள்பட்ட கைவலிக்காரர்கள் வலிக்கும் பக்கத்துக் கையின் படத்தை அடையாளம் காண அதிக நேரம் எடுக்கிறார்கள். கை அசையவே இல்லை, படத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் வலிக்கும் கையை மனசு மெதுவாகத்தான் திருப்புகிறது. அதனால் சில வகை வலிகளுக்கு முதல் கட்டச் சிகிச்சையே இந்த இடது வலது பயிற்சிதான்.

தில்லானா

சதிர் மேடையில் இருந்து ஒரு வார்த்தை. பரதம் கற்றுக்கொடுக்கிறேன். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் பிரமரி என்று ஏழு வகைச் சுழற்சிகள் இருக்கின்றன. புதிதாக வரும் குழந்தைகள் நான்காவது சுற்றிலேயே தள்ளாடுவார்கள். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் வாசலும் திண்ணையும் எதிர்ப்பக்கம் ஓடுமே, அதே கதை.

காது மருத்துவர் ஒருவர் எனக்கு இதைப் புரியவைத்தார். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக. உள்ளே திரவம். தலை சுற்ற ஆரம்பித்ததும் திரவம் பின்தங்குகிறது, அதில் ஒரு மெல்லிய தடுப்பு வளைகிறது, "சுற்றுகிறாய்" என்று செய்தி போகிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓட ஆரம்பிக்கும். இருபது வினாடி அளவில் சுற்றுகிற உணர்வே மங்கிப்போகும். நின்றதும் திரவம் நிற்காது. தடுப்பு எதிர்ப்பக்கம் வளையும். நிற்கிற நாம் எதிர்த்திசையில் சுற்றுகிறோம் என்று உடம்பு நம்பும்.

உடம்பின் அளவுகோல் சுற்றும் வேகத்தை அளக்கவில்லை, வேகம் மாறுவதைத்தான் அளக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் சொல்லிக்கொடுக்கும் விதமே மாறிவிட்டது. பார்வையை ஒரு புள்ளியில் வைத்து, உடம்பு திரும்பியபின் தலையைச் சட்டென்று கொண்டுவந்து அதே புள்ளியில் நிறுத்து என்கிறேன். 2013-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 29 பாலே நடனப் பெண்களையும் 20 படகோட்டும் பெண்களையும் சுழல்நாற்காலியில் வைத்துப் பார்த்தார்கள். நடனக்காரர்களுக்குச் சுற்றும் உணர்வு சீக்கிரம் அடங்கியது. சிறுமூளையில் அந்தச் செய்தி போகும் பகுதியிலும் வித்தியாசம் இருந்தது. பயிற்சி அவ்வளவு ஆழம் வரை போகிறது.

வீட்டில் ஒரு சோதனை. கண்ணைக் கட்டிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டி, நின்ற இடத்திலேயே ஐம்பது அடி எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். கண்ணைத் திறந்தால் பலர் வேறு சுவரைப் பார்த்து நிற்பார்கள், திரும்பியதே தெரிந்திருக்காது. இதற்கு ஃபுகுடா சோதனை என்று பெயர். இதை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது, அவ்வளவு நம்பகமானதில்லை. ஆனால் தான் திரும்பியது தனக்கே தெரியாது என்பதை அனுபவித்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

இயன்முறை

தில்லானா அம்மா சொன்ன அதே குழாய்களில் வரும் இன்னொன்று. படுக்கையில் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்று சொல்பவர்கள் பலருக்கு உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து குழாய்க்குள் புகுந்திருக்கும். என் அம்மாவுக்கு வந்தது. சாமி வந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

மருத்துவர் அவரை உட்காரவைத்து, தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டார். பத்து வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் அம்மாவின் கருவிழிகள் துடித்துத் துடித்துச் சுழல ஆரம்பித்தன. எந்தத் திசையில் சுழல்கின்றன என்பதை வைத்தே எந்தக் குழாய் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு தலையை அந்தக் குழாயின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, படிகங்களை வெளியே உருட்டிவிட்டார். மருந்தே இல்லை, வெறும் திருப்பம். ஜான் எப்லி வகுத்த முறை அது. கழுத்து, இரத்தக் குழாய்ப் பிரச்சினை உள்ளவர்கள் தாமாகச் செய்து பார்க்கக்கூடாது.

நாற்கூறு

கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறேன், நாள் முழுக்க எதையாவது சுழற்றுவதுதான் பிழைப்பு. வடிவியல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் அச்சு. கணித மேதை ஆய்லர் 1775-இல் நிறுவினார்: ஒரு கோளத்தை அதன் மையம் நகராமல் எப்படி வேண்டுமானாலும் உருட்டுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும். கடைசி நிலையை முதல் நிலையோடு ஒப்பிட்டால் ஏதோ ஒரு விட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, எவ்வளவு சிக்கலான புரட்டலும் கடைசியில் ஒரே ஓர் அச்சில், ஒரே ஒரு திருப்பம். எது அசையவில்லை என்று கேட்டால் திருப்பம் பிடிபடும்.

அடுத்தது வரிசை. கணக்குப் புத்தகத்தை அட்டை மேலே தெரிய, படிக்கும் வாக்கில் மேசையில் வையுங்கள். ஒன்று, மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் கால் சுற்று. இரண்டு, தூரத்து விளிம்பைத் தூக்கி நிறுத்துவது, மேலே பார்த்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு செய்தால் அட்டை உங்களைப் பார்க்கும், முதுகு மேலே இருக்கும். வரிசையை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் நேராக நிற்கும், ஆனால் அட்டை இடப்பக்கச் சுவரைப் பார்க்கும். 3-ஐயும் 5-ஐயும் எந்த வரிசையில் பெருக்கினாலும் 15 என்று பழகிய பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. "கலைஞ்சு போயிடுது" என்று உங்கள் மாணவி சொன்னதில் இதுவும் சேர்ந்திருக்கலாம். இரண்டு திருப்பங்களை ஒரே நேரத்தில் செய்யப் பார்த்திருப்பாள்.

பகடைக்கு: ஒரு கனசதுரத்தை 24 விதமாக வைக்கலாம், ஆறு முகங்களில் எது மேலே, அதோடு நான்கு திசைகளில் எது முன்னே. எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 என்று எண் போட்டால் இரண்டே பகடைகள்தான் உண்டு. 1, 2, 3 சந்திக்கும் மூலையைப் பார்த்தால் ஒன்றில் அவை கடிகாரத் திசையில் போகும், மற்றதில் எதிர்த்திசையில். எப்படி உருட்டினாலும் அந்தத் திசை மாறாது.

தேர்வில் வரும் பகடைக் கேள்விக்கு இதுவே சாவி, அங்கே எதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 ஆக இல்லாவிட்டாலும். இரண்டு படங்களிலும் பொதுவான முகத்தில் தொடங்கிக் கடிகாரத் திசையில் எழுதச் சொல்லுங்கள். 2-3-5, 2-4-6 என்று வந்தால், 3-க்கு எதிர் 4, 5-க்கு எதிர் 6, மீதமுள்ள 1 தான் 2-க்கு எதிர். பத்து வினாடி வேலை.

மைக்ரோமீட்டர்

நாற்கூறு தம்பி, கணக்கு சரி. ஆனால் 2-3-5 என்று எழுதி விடை போடுகிற பிள்ளை பகடையைத் திருப்பவே இல்லையே. மதிப்பெண் வரும், கண் வராது. நாளைக்கு ஒரு வால்வு பாடியைக் கையில் கொடுத்தால் அந்த விதி உதவாது. நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாற்கூறு

ஐயா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூலையின் திசை மாறாது என்பதை எதற்காக நம்ப வேண்டும் என்று அவள் கட்டையில் பார்த்திருந்தால், அந்த விதிக்குள்ளேயே திருப்பம் இருக்கிறது. நானும் நிரல் எழுதும்போது முழு உருவத்தையும் மனசுக்குள் சுழற்றுவதில்லை. ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வேன். முழுசாகத் தூக்கினால் எனக்கும் கலைந்துதான் போகும்.

மைக்ரோமீட்டர்

கட்டையில் பார்த்த பிறகு விதி என்றால் சரி. விதிக்குப் பிறகு கட்டை என்றால் ஒருநாளும் வராது.

மாறாதது என்றீர்களே, அதற்கு எங்கள் பட்டறை உதாரணம் மரைதான், திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடுமே அந்தப் பள்ளம். ஒரு நட்டை எந்தப் பக்கமாகப் போட்டாலும் ஏறும். வலது மரையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வலது மரைதான். சைக்கிளின் இடது பெடலில் இடது மரை இருக்கும், வலது பெடலை அந்தப் பக்கம் எப்படிப் புரட்டினாலும் ஏற்ற முடியாது. கேஸ் வெல்டிங்கில் அசெட்டிலின் பக்கத்துக்கு இடது மரை வைத்திருப்பதும் அதற்காகத்தான். மாற்றிப் பூட்டவே முடியாது, உயிரைக் காக்கும்.

மாலைநேரம்

மரையைச் சொன்னதும் வலம்புரிச் சங்கு நினைவுக்கு வருகிறது. லட்சத்தில் ஒன்று என்பார்கள். உயிரியல்காரர்கள் அதை இடச்சுழிச் சங்கு என்றுதான் எழுதுகிறார்கள்! அவர்கள் சுருள் முனை மேலே இருக்கும்படி பிடித்து, வாய் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். நம் வழக்கத்தில் சுருள் கீழே, நீண்ட முனை மேலே. 180 பாகை திருப்பியதும் வாய் இருக்கும் பக்கம் மாறிவிடுகிறது, பெயரும் மாறிவிடுகிறது. ஆனால் ஒரு வலம்புரியையும் ஒரு சாதாரணச் சங்கையும் பக்கத்தில் வைத்து எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றதாகாது. டீச்சர், "வலது பக்கம் இருந்தது இடது பக்கம் வந்துவிட்டது, அதனால் கண்ணாடிப் பிம்பம்" என்று பிள்ளைகள் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான் தவறுகிறது. பக்கம் மாறலாம், சுருளின் போக்கு மாறாது.

நாற்கூறு

உடம்பையும் வடிவியலையும் ஒரே சமயத்தில் சோதிக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் தட்டு நடனத்தில் உள்ளங்கையில் தட்டை ஏந்திச் சுழல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் செய்யுங்கள்.

உள்ளங்கையில் எவர்சில்வர் தட்டு. விழாமல், எப்போதும் மேலே பார்க்கும்படி, கையை உள்பக்கமாக அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தட்டு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் முழங்கை மேலே தூக்கிக்கொண்டு, தோள் முறுக்கி நிற்கும். நிறுத்தாமல் அதே திசையில் இன்னொரு சுற்று, இந்தத் தடவை தலைக்கு மேலாக. கை முறுக்கு அவிழ்ந்து நேராகிவிடும். 360 பாகையில் தட்டு திரும்பிவிட்டது, கை திரும்பவில்லை. 720-இல் இரண்டும் திரும்பின.

1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ராயல் கால்வாய் ஓரமாக மனைவியோடு நடந்துபோன கணிதவியலாளர் ஹாமில்டனுக்கு நாற்கூறு எண்கள் (நான்கு பகுதிகள் சேர்ந்த ஒருவகை எண்கள்) தோன்றின. என் பெயர் அதிலிருந்துதான். பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறிவைத்தார். இன்று நான் விளையாட்டில் கேமராவைத் திருப்புவது அந்த எண்களால்தான். அவற்றிலும் ஒரு முழுச் சுற்றில் குறி மாறுகிறது, இரண்டு சுற்றில்தான் பழையபடி ஆகிறது. இது எண்களின் விசித்திரம் என்று நினைத்தால், 1975-இல் நியூட்ரான்களைக் காந்தப்புலத்தில் சுழற்றிப் பார்த்தார்கள். அவையும் 720 பாகைக்குப் பிறகுதான் பழைய நிலைக்கு வந்தன. நம் தோள்பட்டைக்கும் நியூட்ரானுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

சிலேட்டுப்பலகை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தேர்வு வேலையில் வர முடியவில்லை.

ரீப்பர் கட்டை செய்தாயிற்று. பத்துக் கட்டை உருவம், வலது மூன்று, இடது மூன்று. முதல் வாரம் பிள்ளைகள் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டி, எது எதோடு சேரும் என்று பிரித்தார்கள். எந்த விதியும் சொல்லவில்லை, மைக்ரோமீட்டர் ஐயா சொன்ன வரிசைதான். இரண்டாம் வாரம் ஒன்றை மஞ்சள் பைக்குள் போட்டு, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, மேசையில் இருப்பவற்றில் எது என்று சொல்லச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை பைக்குள் கையை விட்டாள். இவ்வளவு நாளும் தாளில் திணறியவள், பையில் முதல் முறையிலேயே சரியாகச் சொன்னாள். மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் சரி. எப்படி என்று கேட்டேன். கட்டை விரலை நீட்டுப் பகுதியில் வைத்து, "இங்கேருந்து போனா மேல ஏறுது, அப்புறம் வலது பக்கம் திரும்புது. இன்னொண்ணு மேல ஏறி இடது பக்கம் போகுது" என்று நடந்து காட்டினாள். கலைவதற்கு அங்கே படமே இல்லை. அவள் அந்த உருவத்தின் மேல் நடந்துபோகிறாள். ஆலமரம், உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது தாளிலும் அதையே செய்கிறாள். ஆள்காட்டி விரல் படத்தின் மேல் போகும், உதடு அசையும். போன மாதிரித் தேர்வில் உருவக் கேள்விகள் பன்னிரண்டில் ஒன்பது சரி. முன்பு நான்கு. தவறான மூன்றில் இரண்டு பகடை. கடிகாரத் திசையில் எழுதும் முறையை நேற்றுதான் சொல்லிக்கொடுத்தேன், சொன்னதும் அவளே ஒரு கட்டையில் எண் எழுதி, உருட்டி உருட்டிச் சரிபார்த்தாள்.

மதிய உணவு முடிந்ததும் கழுவிய தட்டை வைத்து நாற்கூறு சொன்ன சுற்றையும் செய்தோம். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியரே வந்துவிட்டார், அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். எல்லோரும் இரண்டு சுற்றில் கை நேராவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் மட்டும் ஒரு சுற்றோடு நிறுத்தி, முறுக்கிய கையோடு நின்றுகொண்டு, "வேற வழியா கொண்டுபோனா ஒரே சுத்துல அவிழாதா டீச்சர்?" என்று கேட்டாள். அவிழாது என்று எனக்குத் தெரியும், ஏன் என்று அவளுக்குக் காட்டத் தெரியவில்லை. கைக்குப் பதிலாக முறுக்கிப் பார்க்க, நாளை அப்பாவின் பெல்ட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டிவிட்டு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நாற்கூறு இன்று ராத்திரிக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.